பதினொரு மில்லிமீட்டர்

ருஸ்தாவியில் பாதி வண்டிகளுக்கு மூக்கில்லை.
பம்பர் விழுந்த இடத்தில்
ரேடியேட்டர் பல்லைக் காட்டிக்கொண்டு போகும்,
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
வாஜாவுக்கு மட்டும் முகம் வேண்டுமாம்.

அவனுடைய பழைய சுபாரு
அமெரிக்காவில் ஏதோ ஒரு முட்டலில் செத்து
ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்
போத்தித் துறைமுகத்தில் இறங்கி
இங்கே மறுபிறவி எடுத்தது.
எடுத்த பிறவியோடு நிற்காமல்
டர்போ போட்டுக்கொண்டது.
டர்போவின் பின்னாலேயே வந்த இன்டர்கூலர்
மூட்டை முடிச்சோடு இறங்கிய சம்பந்தி மாதிரி
நட்டநடுவில் அகலமாய் உட்கார்ந்துவிட்டது.
பம்பரைத் தாங்கிய இரும்புக்கு இடமில்லை.
வாஜா அதை அறுத்து எறிந்துவிட்டு
நாலு பிளாஸ்டிக் பட்டையில்
பம்பரைக் கட்டித் தொங்கவிட்டபடி வந்து நின்றான்.

"சும்மா தாங்கினால் போதும், மக்வாலா.
வெள்ளிக்கிழமை பரிசோதனை."

சும்மா தாங்குவது என்று ஒன்று கிடையாது.

தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்தேன்.
வெட்டி, வைத்துப் பார்த்து,
மூலையைக் கடித்தது போல் நறுக்கி,
மறுபடி வைத்துப் பார்த்து.
அட்டையில் செய்கிற தப்புக்குக் காசில்லை.
வலது பக்கம் பொருந்திய அட்டையைத்
திருப்பி இடது பக்கம் வைத்தேன்.
எட்டவில்லை.

அளந்தேன். திரும்ப அளந்தேன்.
மூன்றாவது முறை ஷொரேனாவை அளக்கச் சொன்னேன்,
அவளுக்கு என்மேல் இரக்கம் கிடையாது.
"பதினொன்று" என்றாள்,
டேப்பைச் சுருட்டென்று உள்ளே விட்டு.

இடது சட்டம் பதினொரு மில்லிமீட்டர் குட்டை.
டார்ச் அடித்தால் பெயிண்டுக்கு அடியில்
இஸ்திரி போட்டும் போகாத ஒரு மடிப்பு.
யாரோ பிரேக்கை மிதித்திருக்கிறார்கள்.
மிதித்தது போதவில்லை.
வண்டி வாங்கிய அன்று
பின்சீட்டின் இடுக்கில் கிடைத்ததென்று
மஞ்சள் வாத்துப் போட்ட சின்னக் கிளிப் ஒன்றை
வாஜா சாவியில் மாட்டி வைத்திருக்கிறான்.
அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை,
பார்த்திருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை.

சட்டத்தை இழுத்து நேராக்க திபிலிசி போக வேண்டும்.
அந்தப் பணத்தில் அவன் இன்னொரு டர்போ வாங்குவான்.
சரி, இடது கையைப் பதினொன்று நீட்டிவிடலாம்.

மறுநாள் தோளில் ஒரு குழாயோடு வந்தான்.
ஆறு மில்லி கனம், ஏதோ ஆலையில் கழித்தது.
"இதைப் போடு. டாங்கியே வந்தாலும் நிற்கும்."
"குழாய் நிற்கும். உன் கழுத்து?"
இரண்டு மில்லிக் குழாயை எடுத்தேன்.
இரு முனையிலும் சின்னப் பெட்டி வைத்து
பெட்டியில் வரிசையாய்த் துளை போட்டேன்,
முட்டினால் முதலில் நசுங்கட்டும் என்று.
காசு கொடுத்து வாங்கிய இரும்பில்
ஓட்டை போடுகிறாளே என்று
ஷொரேனாவிடம் முறையிட்டான்.
அவள் கிரைண்டரை ஓடவிட்டாள்.

ஒரு பொட்டு இந்தப் பக்கம், ஒரு பொட்டு அந்தப் பக்கம்.
சூடு இரும்பை இழுக்கும் என்று தெரிந்தும்
மூன்றாவது பொட்டில் அவசரப்பட்டேன்.
இரண்டு மில்லி சாய்ந்தது.
வெட்டி எடுத்தேன்.
கரண்ட் போனது.
இருட்டில் மூன்று பேரும்
ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
வெல்டு ஆறும்போது டிக் டிக்கென்று முணுமுணுத்தது.

வெள்ளிக்கிழமை காலை பம்பர் ஏறியது.
வலது இடைவெளியில் இருபது தெத்ரி நாணயம் நுழைந்தது.
இடதிலும் நுழைந்தது, அதே இறுக்கத்தில்.
வாஜா தள்ளி நின்று பார்த்தான்,
குனிந்து பார்த்தான்,
பெட்ரோல் பங்க் கண்ணாடியில் ஒருமுறை
ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பரிசோதனைக்காரர் முன்பக்கம் வரவே இல்லையாம்.
புகையை மட்டும் பார்த்து முத்திரை குத்தினாராம்.
அதற்கு அவனுக்குத்தான் வருத்தம்.

கறுப்பு அடிப்பதற்கு முன்னால்
இடது கையின் உள்பக்கம்,
கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில்,
வெல்டாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 11.
அடுத்து இதைத் திறக்கிற ஆள்
எனக்கு அளக்கத் தெரியாது என்று நினைக்கக் கூடாது.